பத்து மணிக்கு ஒரு முட்டை: நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் வன்னி உழைப்பாளிகளுக்கு

நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர் வீட்டுக்குப் புறப்படும்போது வைத்தியசாலை ஒரு உணவுத்தாள் கொடுத்துவிடும். ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, ஆற அமர மென்று, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் என்று அதில் இருக்கும். ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் அது வீட்டில் இருக்கும் ஆளை நினைத்து எழுதிய தாள். கிளிநொச்சி கச்சேரியில் கோப்புகளுக்கு நடுவில் இருப்பவருக்கும், ஆடைத் தொழிற்சாலை லைனில் மணிக்கு இத்தனை என்று தைப்பவருக்கும், வவுனியாவிலிருந்து விடிய ஐந்தரை பஸ்சில் புதுக்குடியிருப்புப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியைக்கும், நாயாற்றில் வலை இழுப்பவருக்கும் அந்த ஆறு வேளை எங்கிருந்து வரும்?

ஒப்பரேசன் மேசையில் நடப்பது ஓரிரு மணித்தியால வேலை. அதன் பலன் நிலைப்பதும் கைநழுவுவதும் வேலைநாளின் நடுவே வரும் சின்னச் சாப்பாடுகளில்தான் இருக்கிறது. அவற்றை யாருக்கும் தெரியாமல் இடைவெளிகளில் செருகப் பார்க்காதீர்கள். மேலதிகாரிக்குச் சொல்லி, நேரசூசியில் எழுதி, வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இந்தியாவின் நிதின் கட்கரி 2011 இல் மும்பையில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2014 இலிருந்து மத்திய அமைச்சராக நாடு முழுவதும் ஓடித் திரிகிறார். ஓடித் திரியும் வேலைக்கும் இந்த வயிற்றுக்கும் ஒத்துப்போகும். நேரம் மட்டும் தவறக்கூடாது.

பசியை நம்ப முடியாது

இங்கே பலரும் கேள்விப்படுவது இரண்டு வகை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 வீதத்தை வெட்டி அகற்றிவிட்டு மீதியை ஒடுங்கிய குழாயாக விடுகிறார்கள். பைபாஸ் என்பது 1966 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் தொடக்கிவைத்த வழி. இன்று செய்யப்படும் விதத்தில், இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே தொடுப்பார்கள். கோழிமுட்டையிலும் சிறிய பை அது. நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வேலைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. ஆகவே முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. வேலை மும்முரத்தில் காலை பத்து போகும், மதியம் ஒன்று போகும், "பசிக்கேல்லை, பிறகு பாப்பம்" என்று நாலு மணி ஆகிவிடும். நிறை நன்றாகக் குறைகிறதே என்று மனதுக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். குறைவது கொழுப்பு மட்டும் அல்ல, தசையும்தான். நாரி நோவும் படி ஏறினால் இளைப்பும் மூன்றாம் மாதத்தில் கொத்தாகக் கொட்டும் தலைமயிரும் அதைக் காட்டித்தரும். நிறை வேகமாகக் குறையும்போது கொஞ்சம் மயிர் உதிர்வது எல்லோருக்கும் வரக்கூடியது. புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது இரட்டிப்பாகும்.

அதனால் பசியைக் கேட்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். கைபேசியில் எலாம் வையுங்கள். தொழிற்சாலைக்குள் கைபேசி விடமாட்டார்கள் என்றால், இடைவேளை மணிதான் உங்கள் எலாம்.

லீவும் கடிதமும்

மேசை வேலை என்றால் இரண்டு, மூன்று கிழமையில் திரும்பலாம். தூக்கும் வேலை, குனிந்து நிமிரும் வேலை, உழவு மெசின், கடல் என்றால் ஆறு கிழமை கேளுங்கள். கடைசி முடிவு உங்கள் சத்திரசிகிச்சை நிபுணருடையது. அவர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்பட வேண்டும். ஒரு கடிதத்துக்காக வவுனியாவிலிருந்து திரும்பவும் 250 கிலோமீற்றர் பஸ்சில் போக யாருக்கு நேரம் இருக்கிறது?

தனியார் கடையிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள் லீவுக் கணக்கை முன்கூட்டியே பாருங்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஒரு முழு வருடம் வேலை செய்து முடித்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெசுவல் லீவும் உண்டு. சுகயீன லீவு என்று அதில் தனியாக ஒன்று இல்லை. கெசுவல் லீவிலேதான் அதுவும் அடங்குகிறது. ஆகவே சத்திரசிகிச்சை நாளை முடிவு செய்யும்போதே நிர்வாகத்தோடு பேசி, கையிருப்பு லீவை அந்த வருடம் தொடாமல் சேர்த்துவைப்பது புத்தி. அரச ஊழியருக்கு வைத்தியச் சான்றிதழ் வழி இருக்கிறது; கந்தோர் எழுதுவினைஞரிடம் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் மூன்று விடயம் இருந்தால் போதும். இடையில் இரண்டு தரம் பத்துப் பத்து நிமிடம் சாப்பிட அனுமதி. இன்ன திகதிவரை இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்ற குறிப்பு. தண்ணீர்ப் போத்தலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவும் கழிப்பறைக்குப் போகவும் தடை இல்லை என்பது. என்ன சத்திரசிகிச்சை என்று விபரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "வயிற்றில் சத்திரசிகிச்சை" என்றாலே போதும். எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை வயிற்று ஒப்பரேசன் செய்தாள் என்றவுடன் கதை எங்கெங்கோ போகும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நம்பிக்கையான ஒருவருக்காவது முழு விபரமும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் மயங்கி விழுந்தால் அம்புலன்சில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவது அவர்தான்.

சுப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிக் கேட்டால் சலுகை கேட்பதுபோல ஆகிவிடும். வேலையை முன்னால் வைத்துப் பேசுங்கள். "மிஸ், டொக்டற்ற கடிதம் இது. பத்து மணிக்கும் மூண்டரைக்கும் பத்து நிமிசம் நான் சாப்பிட வேணும். அந்த நேரம் என்ர மெசினில பக்கத்து அக்கா இருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. அவ தேத்தண்ணிக்குப் போகேக்க நான் அவவின்ர மெசினைப் பாப்பன்." இலக்கு குறையாது என்று தெரிந்தால் மறுக்க அவருக்குக் காரணம் இல்லை.

சாப்பாட்டுப் பெட்டிக்குள்

இங்குதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உணவு படிப்படியாகத்தான் வரும். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். பிறகு இரண்டு கிழமைவரை பால், வடித்த சூப் போன்றவை. மூன்றாம், நாலாம் கிழமைகளில் மசித்த உணவு. அதன்பின் மென்மையானவை. ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிழமையில் வழமையான சாப்பாடு. கணக்குப் பார்த்தால், மூன்று கிழமை லீவு முடிந்து கந்தோருக்குத் திரும்பும் காலை நீங்கள் மசியல் கட்டத்தில்தான் நிற்பீர்கள். இதை நினைக்காமல் போகிறவர்கள்தான் முதல் நாளே கன்டீன் சோற்றைச் சாப்பிட்டு நெஞ்சடைத்துச் சத்தி எடுக்கிறார்கள். மைசூர்ப் பருப்பைக் குழைய அவித்து மிளகும் கொஞ்சம் உப்பும் போட்டு மசியுங்கள். மீனை உறைப்பில்லாத சொதியில் அவித்து, முள் பார்த்து எடுத்து, அந்தச் சொதியிலேயே மசியுங்கள். முட்டையை அவித்துத் தயிரோடு மசிக்கலாம். இவற்றைச் சின்னப் போத்தல்களில் அடைத்துக் கொண்டுபோனால் அந்த இரண்டு கிழமையும் கடந்துவிடும்.

வழமைச் சாப்பாட்டுக்கு வந்த பிறகு ஒரு விதி: முதலில் புரதம், பிறகு மரக்கறி, இடம் இருந்தால் சோறு. எங்கள் கோப்பை இதற்கு நேர்எதிர். நடுவில் சோறு குவிந்திருக்கும், மீன்துண்டு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். சோற்றில் தொடங்கினால் நாலாம் வாயிலேயே வயிறு நிரம்பிவிடும். மீனுக்கு இடம் இராது. நூறு கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம் அளவுதான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். சோற்றால் அதை எட்டவே முடியாது.

அறுபது என்றால் பெரிய எண்ணாகத் தெரியும். வன்னியில் அது எட்டாத ஒன்றல்ல. வீட்டை விட்டுப் புறப்பட முன்னம் ஒரு அவித்த முட்டை, பத்து மணிக்கு இன்னொன்று. இரண்டும் 12 கிராம். ஆடை நீக்கிய பால்மா 30 கிராமைத் தண்ணீரில் கரைத்து, சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் மெல்ல மெல்லக் குடித்தால் பத்து. மதியம் உள்ளங்கையளவு மீன், சமைத்தபின் 80 கிராம் என்று வையுங்கள், 17 அல்லது 18. அதோடு இரண்டு மேசைக்கரண்டி பருப்புக்கு மூன்று. பின்னேரம் அவித்த கொண்டல்கடலை அரைக் கோப்பை, ஏழு. இரவு 60 கிராம் மீனோ கோழியோ, 13 அல்லது 14. கூட்டிப் பாருங்கள், 60 ஐத் தாண்டிவிடும். இதில் கடையில் விலைகொடுத்து வாங்கும் புரத மா ஒரு கரண்டிகூட இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றாலே போகும். அவர்கள் பாலுக்குப் பதிலாகத் தயிரைப் பழகலாம். மரக்கறிக்காரருக்குப் பயறு, கௌப்பி, உழுந்து, தயிர், நன்றாக ஊறவைத்து அவித்த சோயாமீற் எல்லாம் உண்டு. என்றாலும் அவர்கள் விற்றமின் பி12 விடயத்தில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

மீன் விடயத்தில் முல்லைத்தீவுக்காரர் கொடுத்துவைத்தவர்கள். கரைவலையில் வரும் சூடையும் கீரியும் மலிவு. முள்தான் தொல்லை, முதல் மாதங்களில் பாரை, விளைமீன் போன்ற சதைப்பிடிப்பான மீனைத் தேடுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் திலாப்பியாவும் நல்லது. கருவாட்டில் புரதம் நிறைய உண்டு, உப்பும் நிறைய. பிறசர் உள்ளவர்கள் தொட்டுக்கொள்ள மட்டும்.

எது அடைக்கும்? பாண், புட்டு, குழைந்து கட்டிபிடித்த சோறு, காய்ந்த பொரித்த இறைச்சி. வாயில் மெதுவாகத் தெரிவது தொண்டை தாண்டியபின் திரண்டு நின்றுவிடும். புட்டை ஒரேயடியாக விட்டுவிடுங்கள் என்று வன்னியில் யாருக்கும் என்னால் சொல்ல முடியாது. மூன்று, நாலு மாதம் கழித்து, மீன்கறியில் நனைத்து, இரண்டு விரலளவு. அதுவும் மீனைச் சாப்பிட்டு முடித்த பிறகு. கொத்துரொட்டி, றோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் எண்ணெயும் மாவும். கூட்டம் முடிந்து தட்டு நீட்டப்படும்போது எடுத்துக் கையில் வைத்திருந்தால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் வையுங்கள். தேக்கரண்டியால் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வாயையும் இருபது தரம் மெல்லுங்கள். பத்து நிமிட இடைவேளையில் இருபது நிமிடச் சாப்பாட்டை அடைத்தால் சத்திதான் வரும். ஆகவே பத்து மணிக்கு முட்டை, மூன்றரைக்குக் கடலை அல்லது தயிர். அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கக்கூடியது அவ்வளவுதான்.

தண்ணீரும் தேத்தண்ணியும்

நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் குறைந்த அளவு. ஆவணி வெயிலில் வயலில் நிற்பவருக்கு அது காணாது. ஒரேயடியாகக் குடிக்க முடியாத வயிறு இது என்பதால் மிடறு மிடறாக நாள் முழுவதும் போக வேண்டும். சாப்பிடும்போது குடிக்கக்கூடாது; சாப்பிட்டு முடித்து அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். பத்து மணிச் சாப்பாட்டுக்குள் ஒன்று, மதியத்துக்கும் மூன்றரைக்கும் இடையில் ஒன்று, வீடு போய்ப் படுக்க முன்னம் ஒன்று. பஸ்சில் இரண்டு மணித்தியாலம் போகிற ஆசிரியைகள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தள்ளிப்போடுவதை நான் அறிவேன். அது கல்லில் கொண்டுபோய் விடும். முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட.

சிறுநீரகம் என்றதும் வன்னியில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பல கிராமங்களில் இருக்கிறது. உங்களுக்கோ குடும்பத்தில் எவருக்கோ அந்த வருத்தம் இருந்தால் மேலே சொன்ன 60 கிராம் கணக்கை நீங்களாகப் பின்பற்றாதீர்கள். இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்து, எவ்வளவு புரதம் என்று சிறுநீரக கிளினிக்கில் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வடிகட்டிய தண்ணீர் கிடைக்கும் இடமென்றால் வேலைக்கும் அதையே கொண்டுபோங்கள்.

தேத்தண்ணி? சீனி இல்லாமல் குடிக்கலாம். வன்னித் தேத்தண்ணி இரண்டு கரண்டி சீனிக்குக் குறைந்து வராது என்பதுதான் சங்கடம். பனங்கட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வயிற்றுக்கு அதுவும் சீனிதான். இனிப்பு வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கும்போது, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, டம்பிங் என்ற தொந்தரவு வரும். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பிசையும், வயிற்றாலே போகும். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து வரும்: இரத்தத்தில் சீனி சடுதியாக இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த நேரம் நீங்கள் ஏ9 வீதியில் மோட்டச்சைக்கிளில் இருக்கலாம். அப்படி ஒரு முறை வந்தால் ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் இனிப்பு எடுத்து, சுகமானதும் முட்டையோ கடலையோ சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும். அந்தக் கிழமையே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சோடா வேண்டாம். மதுபானம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன்: பைபாஸ் செய்தவருக்குச் சாராயம் முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும், கூடுதலாகவும் ஏறும், இறங்க நேரம் எடுக்கும். ஸ்லீவ் செய்தவர்களும் அதையே உணர்கிறார்கள். முன்பு தாங்கிய அளவை நினைத்துக் குடிப்பது உயிரோடு விளையாடுவது.

வயலும் கடலும்

கடலுக்குப் போகிறவருக்கு இடைவேளை மணி கிடையாது. விடியப் புறம் போகுமுன் முட்டையும் தயிரும். படகில் மூடியுள்ள சின்னப் பெட்டியில் அவித்த கடலை. தண்ணீர்ப் போத்தல் இரண்டு. படகில் ஆட்டத்தோடு அவசரமாக விழுங்கினால் அடைக்கும். கரைக்கு வந்து வலையில் மீன் கழற்ற முன்னம் இருந்து சாப்பிடுங்கள். சூடுமிதிப்பு, அரிவுவெட்டு நாட்களில் வயலில் நிற்பவர்கள் ஜீவனி பைக்கற்றை எடுத்துப்போகலாம்; சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, மிடறாகத்தான். உப்பில்லாத தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு வெயிலில் நின்றால் தலை சுற்றும். அறுவடை முடிந்து நாரி நோகிறது என்று பாமசியில் டைக்குளோபெனக், இபுபுரோபன் வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்த வயிற்றில் அவை புண் உண்டாக்கும்; சிகரெட்டும் அப்படியே. நோவுக்குப் பரசிற்றமோல்.

சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் ஏற்கெனவே குளிசை போடுகிறவர்கள் இதை அழுத்திப் படியுங்கள். நிறை குறையக் குறையப் பழைய அளவு மருந்து கூடிப்போகும். இன்சுலின் போட்டுக்கொண்டு அரைக் கோப்பை சாப்பிட்டால் சீனி விழும். பிறசர்க் குளிசையும் வெயிலும் சேர்ந்தால் நின்ற இடத்தில் சரிவீர்கள். தானாகக் குறைக்கவும் வேண்டாம், பழையபடி போடவும் வேண்டாம். முதல் மாதத்திலேயே கிளினிக்குக்குப் போய் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் மண்ணில் மட்டும் அதிகம் தேவைப்படும் இன்னொரு குறிப்பு. யுத்தத்தில் கால் இழந்து செயற்கைக் கால் போட்டிருப்பவர்கள், நிறை குறையும்போது குறைகாலும் மெலியும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பழைய கிண்ணம் தளர்ந்து, உரசி, புண் வரும். வேலைக்குப் போக முடியாமல் நிற்கும். புண் வரும்வரை பார்த்திராமல், தளர்வு தெரிந்தவுடனே யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்திலோ உங்களுக்குக் கால் செய்துதந்த இடத்திலோ அளவெடுக்க நாள் கேளுங்கள். முதல் வருடத்தில் இது ஒரு தரத்தோடு முடியாமலும் போகலாம்.

அம்மாவிடம் சொல்வது

வேலைத்தளத்தைவிடக் கடினம் வீடு. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய், பிறகு செட்டிகுளம் முகாமில் சாப்பாட்டுப் பார்சலுக்குக் கை நீட்டிய தாய், இன்று மகள் கோப்பையில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்து எழும்புவதைப் பார்க்கிறாள். அந்த மனம் படும் பாடு எந்த உணவுத்தாளிலும் இல்லை. "இவ்வளவுதானோ? இன்னும் ரெண்டு வாய்" என்பது அன்பு மட்டும் அல்ல, பழைய பயமும்தான். அதோடு சண்டை பிடிக்காதீர்கள். மிச்சம் வராதபடி செய்யுங்கள்: பெரிய கோப்பையை விட்டுச் சின்னக் கிண்ணத்தில் வாங்குங்கள். அது காலியாவதை அவர் பார்க்கட்டும். "அம்மா, எனக்குக் காணும். பத்து மணிக்கு முட்டை சாப்பிடுவன், நீங்கள்தான் அவிச்சுத் தரவேணும்" என்று ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். ஊட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு பெட்டி கட்டுவதில் போகும். ஒப்பரேசனுக்குப் பிறகு வைக்கும் சரக்குக் கறியையும் வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை; மசியல் கட்டம் தாண்டிய பின், உறைப்பைக் குறைத்து, மீனை நன்றாக வேகவிட்டால் அது நல்ல சாப்பாடுதான்.

விரதம், நோன்பு பற்றிச் சுருக்கமாக. முதல் வருடத்தில் முழுநாள் பட்டினி வேண்டாம், தண்ணீர் கூடக் குடிக்காத நோன்பு அறவே வேண்டாம். கந்தசஷ்டி ஆறு நாளும் வற்றாப்பளைப் பொங்கலும் அடுத்தடுத்த வருடங்களிலும் வரும். பொங்கல் சாதம் ஒரு தேக்கரண்டி வாயில் வைத்தால் அம்மன் குறை நினைக்கமாட்டா.

குளிசைகளுக்கும் நேரசூசி

இவை வாழ்நாள் முழுவதும். நிறை குறைந்துவிட்டது, இனி எதற்கு என்று ஒரு வருடத்தில் நிறுத்துகிறவர்கள் மூன்றாம் வருடத்தில் இரத்தச்சோகையோடும் கால் விறைப்போடும் வருகிறார்கள். பல்விற்றமின் தினமும். கல்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரேயடியாக 500, 600 க்கு மேல் உடம்பு உறிஞ்சாது என்பதால் பிரித்துப் பிரித்து. சித்திரேற் வகையை எப்போதும் போடலாம். கார்பனேற் வகை என்றால் சாப்பாட்டோடு. விற்றமின் டி யும் சேர வேண்டும். பி12 ஐ நாளாந்தக் குளிசையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ எடுக்கலாம். மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்புச்சத்து நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம்வரை தேவைப்படும்.

இரும்பும் கல்சியமும் ஒன்றாகப் போனால் ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தேத்தண்ணியும் இரும்பைத் தடுக்கும். ஆகவே இரும்புக் குளிசை படுக்கப் போகும்போது. கல்சியம் காலை பத்துக்கும் மதியத்துக்கும் பின்னேரத்துக்கும். பத்து மணி முட்டைப் பெட்டியிலேயே கல்சியத்தையும் வைத்துவிட்டால் மறக்காது.

இளம்பெண்கள் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குக் கர்ப்பத்தடைக் குளிசையை முழுதாக நம்ப முடியாது. வேறு வழியைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நிறை குறையும்போது கருத்தரிப்பு எளிதாவதும் உண்டு.

எங்கே போவது

பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டல் சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு வருடம் அந்த நிலையத்தின் பராமரிப்பும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் வருடத்துக்கொரு பரிசோதனையும் வேண்டும் என்கிறது. லண்டனில் செய்துவிட்டு ஊரோடு வந்திருப்பவர்களுக்கும், கொழும்பிலோ சென்னையிலோ செய்தவர்களுக்கும் அது இங்கேயே நடக்க முடியும். ஹீமோகுளோபின், பெரிற்றின், பி12, விற்றமின் டி, கல்சியம், சிறுநீரகம், ஈரல், சீனி: இந்தச் சோதனைகளைக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் மருத்துவக் கிளினிக்கில் கேளுங்கள். அங்கே எடுக்க முடியாததற்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ வெளி ஆய்வுகூடத்துக்கோ வழி சொல்வார்கள். முடிவுகளைப் படம் எடுத்துச் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு மட்டையில் இதை எழுதிப் பணப்பையில் வையுங்கள்: என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, எந்த வைத்தியசாலை, என்னென்ன மருந்து. அதன் அடியில் ஒரு வரி சேருங்கள்: "தொடர்ந்து சத்தி எடுத்தால், குளுக்கோஸ் ஏற்ற முன்னம் தயமின் கொடுக்கவும்." இரண்டு, மூன்று நாள் விடாமல் சத்தி எடுப்பவருக்கு விற்றமின் பி1 விரைவாக வற்றிவிடும். அந்த நிலையில் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்; நடை தள்ளாடும், கண் இரட்டையாகத் தெரியும், நினைவு குழம்பும். அப்படிச் சத்தி எடுக்கும் எவரும், அல்லது தண்ணீரே இறங்காதவர், வயிற்று நோவோடு காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் உள்ளவர், லீவு எழுதிக்கொடுக்கவோ அடுத்த கிளினிக் நாளைப் பார்க்கவோ நிற்காமல் அப்போதே கிட்ட உள்ள பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அந்த மட்டையை முதலில் நீட்ட வேண்டும்.